சொத்து வரி: உடனே கட்டுவதா, காத்திருப்பதா, மனு போடுவதா?

தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. வீட்டுக் கடன் இஎம்ஐயில் இது அடங்காது. வங்கி நமக்காகக் கட்டவும் கட்டாது. நினைவில் வைத்துக் கட்ட வேண்டியது வீட்டுக்காரர்தான்.

இந்த வரியைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெரும்பாலும் மூன்று கேள்விகள் வரும். முதல் மாதமே கட்டிவிடலாமா, மெதுவாகக் கட்டலாமா? ஆன்லைனில் கட்டுவதா, கவுண்டருக்குப் போவதா? தொகை அதிகமாகத் தெரிந்தால் கட்டாமல் நிறுத்தி வைத்து மனு போடலாமா, கட்டிவிட்டுப் போடலாமா? முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். இரண்டாவது அவரவர் வசதியைப் பொறுத்தது. மூன்றாவதில்தான் பெரிய பணம் இருக்கிறது. ஆனால் அதைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதல் மாதமே கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகைக்காக ஏப்ரல் 30 நள்ளிரவு வரை கைப்பேசியோடு போராடுகிறவர்கள், வரி விதிப்பில் தங்கள் வீட்டின் பரப்பளவு என்னவென்று பதிவாகியிருக்கிறது என்பதை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. அதனால் முதல் இரண்டையும் சுருக்கமாக முடித்துவிட்டு மூன்றாவதற்கு வருகிறேன்.

முதல் மாதமா, கடைசி மாதமா?

2023ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். உச்சவரம்பு 5,000 ரூபாய். அதாவது ஏப்ரல் மாதத்துக்குள், அப்புறம் அக்டோபர் மாதத்துக்குள். தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி சேரும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

அரையாண்டு வரி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் கட்டினால் 3,800 போதும். செப்டம்பர் கடைசியில் கட்டினால் முழு 4,000 வேண்டும், வட்டி சேர்ந்தால் அதற்கும் மேல். வித்தியாசம் குறைந்தது 200 ரூபாய். அதே 4,000 ரூபாயை அந்த ஐந்து மாதமும் ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் வைப்புத்தொகையில் போட்டாலும் கிடைப்பது 117 ரூபாய் அளவுக்குத்தான். சேமிப்புக் கணக்கில் இருந்தால் அதிலும் பாதிக்குக் குறைவு. பணம் கையில் இருக்கிறவர் காத்திருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. 5,000 ரூபாய் உச்சவரம்பு பற்றியும் குடியிருப்பு வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அரையாண்டு வரி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் அது குறுக்கே வரும்.

‘செப்டம்பர் 30 வரை நேரம் இருக்கிறதே’ என்று இன்னமும் சொல்கிறவர்கள் பலர். அரையாண்டு முடிவதற்குள் கட்டினால் போதும் என்பது பழைய பழக்கம். இப்போதைய விதியில் முதல் மாதம் முடிந்ததுமே சலுகை போய்விடும்.

பணமே கையில் இல்லை என்றால்? ஊக்கத்தொகையைப் பிடிப்பதற்காக கிரெடிட் கார்டில் கட்டி, அந்தக் கடனை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது சரியாக வராது. கார்டு நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி. இரண்டு மாதம் தாண்டினாலே ஊக்கத்தொகையில் கிடைத்தது முழுவதும் போய்விடும். மாநகராட்சி வாங்குவது மாதம் 1 சதவீதம். கையில் பணம் வரும் மாதத்தில், வட்டி சேர்ந்திருந்தால் அதோடு கட்டிவிடுவதே அப்படிப்பட்டவர்களுக்கு நல்லது. கார்டு பில்லை மாதா மாதம் முழுசாக அடைக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பணம் போகும் முன் கூடுதல் கட்டணம் ஏதாவது சேர்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டால் சரி.

பழைய பாக்கி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கட்டும் பணம் முதலில் பழைய அரையாண்டு நிலுவைக்குத்தான் போகும். ஊக்கத்தொகை நடப்பு அரையாண்டுக்கு மட்டும்தான். ஆகவே ஏப்ரல் வந்ததும் கட்டலாம் என்று இருக்காமல், மார்ச் மாதத்திலேயே பாக்கியைத் தீர்த்துவிட்டால் ஏப்ரலில் சலுகையைச் சுத்தமாக வாங்கலாம்.

ஆன்லைனா, கவுண்டரா, வீட்டுக்கு வருபவரிடமா?

சென்னையில் மாநகராட்சியின் இணையதளம், நம்ம சென்னை செயலி, வரி ரசீதில் உள்ள க்யூஆர் குறியீடு, மண்டல அலுவலகக் கவுண்டர், இ-சேவை மையம், கையில் கருவியோடு வரும் வரி வசூலிப்பவர் என்று வழிகள் நிறைய இருக்கின்றன. மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்குப் பொதுவாக நகராட்சி நிர்வாகத் துறையின் ஒரே இணையதளம் இருக்கிறது. கூகுள் பே, போன்பே போன்ற செயலிகளிலும் பாரத் பில் பே வழியாகப் பல உள்ளாட்சிகளுக்குக் கட்ட முடிகிறது.

எல்லாவற்றிலும் நான் முதலில் வைப்பது உள்ளாட்சியின் சொந்த இணையதளத்தை. காரணம் ரசீது. யூபிஐ செயலியில் வருவது பணம் போனதற்கான சான்று. வீட்டை விற்கும்போது, கடன் கேட்கும்போது, பெயர் மாற்றும்போது கேட்பது வரி விதிப்பு எண்ணும் அரையாண்டும் குறிப்பிட்ட மாநகராட்சி ரசீதை. செயலியில் கட்டுவது தவறில்லை. இரண்டு நாள் கழித்து உள்ளாட்சியின் தளத்துக்குப் போய் அந்த அரையாண்டு கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்து, ரசீதை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது வேலையைச் செய்ய மாட்டோம் என்று தெரிந்தவர்கள் நேரடியாகத் தளத்திலேயே கட்டிவிடுங்கள்.

சென்னை வரி விதிப்பு எண் நான்கு பகுதிகளைக் கொண்டது: மண்டலம், கோட்டம், பில் எண், துணை எண். அதில் இருக்கும் கோட்டம் உங்கள் இப்போதைய வார்டு எண்ணாக இல்லாமல் இருக்கலாம். பழைய வார்டுப் பிரிப்பின் எண் அப்படியே தொடர்வது உண்டு. வாக்காளர் அட்டையைப் பார்த்து வார்டு எண்ணைப் போடாதீர்கள், பழைய ரசீதைப் பார்த்துப் போடுங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரும் கதவு எண்ணும் உங்களுடையதுதானா என்று நிதானமாகப் படியுங்கள். ஒரு இலக்கம் மாறினால் வேறு ஒருவர் வீட்டு வரியை நீங்கள் கட்டியிருப்பீர்கள். அதைத் திரும்ப நம் கணக்குக்குக் கொண்டுவருவது மனுவும் அலைச்சலுமாக நீளும்.

வங்கியில் பணம் பிடிக்கப்பட்டு, தளத்தில் ரசீது வராமல் நின்றுவிடுவது மாதக் கடைசி நாட்களில் அடிக்கடி நடக்கிறது. உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு ஓரிரு வேலை நாள் பொறுத்திருந்தால், பெரும்பாலும் ஒன்று கணக்கில் ஏறிவிடும், இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். இரண்டு முறை கட்டிவிட்டால் கூடுதல் தொகையைப் பொதுவாக அடுத்த அரையாண்டில்தான் ஈடுசெய்வார்கள். இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் 30ஆம் தேதி வரை வைக்காமல் 10ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம்.

இணையம் பழகாத பெரியவர்களுக்குக் கவுண்டர்தான் நல்லது. பழைய ரசீதை எடுத்துக்கொண்டு போனால் போதும், அச்சிட்ட ரசீது அங்கேயே கையில் கிடைக்கும். காசோலை கொடுப்பவர்கள் அது பணமாகும்வரை ரசீது உறுதியில்லை என்பதை நினைவில் வைத்து, மாதத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் கட்டலாம். கருவியிலிருந்து அச்சாகி வரும் ரசீது மட்டுமே ரசீது. கையால் எழுதிய துண்டுச் சீட்டையும் தனிநபரின் யூபிஐ எண்ணையும் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ‘நீங்கள் பணத்தைக் கொடுங்கள், நான் கட்டிவிட்டு ரசீது கொண்டுவருகிறேன்’ என்று சொல்லும் இடைத்தரகர்களும் வேண்டாம். நீங்களே சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய வேலைக்கு இடையில் ஒருவர் எதற்கு?

சென்னைவாசிகளுக்கு ஒரு இடைக்குறிப்பு. குடிநீர், கழிவுநீர் அகற்று வரி தனி. அது மெட்ரோ வாட்டருக்குப் போகிறது. மாநகராட்சிக்குக் கட்டிவிட்டதால் அதுவும் முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது இரண்டின் ரசீதையும் கேளுங்கள்.

தொகை தவறு என்று தோன்றினால்

முதலில், தொகை ஏன் இப்படி ஏறியது என்று தெரிந்தால்தான் எது தவறு, எது விதிப்படி வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு, அதாவது எல்லாருக்கும் வரியை மாற்றியமைப்பது, நீண்ட காலம் நடக்கவில்லை. 2018ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். பதினைந்தாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அதைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில் பெரிய உயர்வு வந்தது.

அந்த உயர்வு எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை, பரப்பளவுப்படி படிப்படியாக இருந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011ல் சென்னையோடு இணைந்த பகுதிகளிலும் மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளிலும் இதே படிகளுக்கு 25, 50, 75, 100. இதன் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தி வளர்ச்சியின் ஐந்தாண்டு சராசரி, எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்தலாம் என்ற ஏற்பாடும் வந்தது. சென்னையில் 2024 அக்டோபர் அரையாண்டிலிருந்து 6 சதவீதம் கூட்டப்பட்டது.

இந்த உயர்வுகளின் மீது உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். இருபது ஆண்டுக்கு மேல் தொடாமல் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் இரண்டு மடங்காக்கியது சாமானிய மக்களைப் பாதித்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து மாற்றக்கூடியது இல்லை. மனு கொடுத்து மாற்றக்கூடியது உங்கள் வீட்டைப் பற்றிய விவரம்: பரப்பளவு, பயன்பாடு, தெருவின் அடிப்படை மதிப்பு, சொந்தக் குடியிருப்பா வாடகையா, கட்டடத்தின் வயது, ஒரே வீட்டுக்கு இரண்டு வரி விதிப்பு எண் விழுந்திருப்பது. வரி இந்த விவரங்களின் மேல்தான் கட்டப்படுகிறது. நூலக வரியும் சொத்து வரியின் மீது ரூபாய்க்கு 10 காசு என்று அதோடு சேர்ந்து வருவதுதான்.

பரப்பளவு எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையின் பழைய பகுதியில் ஒரு அடுக்குமாடி வீடு. பத்திரப்படி 1,180 சதுர அடி. வரி விதிப்பில் 1,230 என்று பதிவாகியிருக்கிறது. 2022க்கு முன் அரையாண்டு வரி 1,600 ரூபாய். 1,200ஐத் தாண்டியதால் 100 சதவீத உயர்வு விழுந்து 3,200 ஆகிவிட்டது. சரியான பரப்பளவாக இருந்திருந்தால் பழைய வரியே ஏறத்தாழ 1,535 ஆக இருந்திருக்கும். அதன் மேல் 75 சதவீதம் ஏறினால் 2,686. அரையாண்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல், ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் அநியாயமாகப் போகிறது. இதே வீட்டுக்கு முதல் மாதமே கட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை அரையாண்டுக்கு 160, ஆண்டுக்கு 320 ரூபாய். ஊக்கத்தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல், வெறும் 50 சதுர அடித் தவறில் போகிறது. அதன் மேல்தான் ஆண்டு உயர்வுகளும் சதவீதமாக ஏறும். நீங்களாகப் போய்ச் சொல்லாமல் இது தானாகச் சரியாகாது.

பயன்பாட்டுத் தவறு இன்னும் பெரியது. கீழ்த்தளத்தில் ஒரு காலத்தில் கடையோ அலுவலகமோ இருந்து, காலி செய்து, இப்போது குடும்பமே இருக்கிறது. ஆனால் பதிவில் வணிகம் என்றே இருக்கும். 2022ல் பழைய சென்னைப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு உயர்வு 150 சதவீதம், அடிப்படை மதிப்பும் குடியிருப்பைவிடப் பல மடங்கு. இப்படிப் பதிவாகியிருக்கிற வீட்டுக்காரர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, தவறு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். இப்போது என்ன வழி?

பேசாமல் கட்டிக்கொண்டே போவது ஒன்று. ஆண்டுக்கு நூறு இருநூறு வித்தியாசம் என்றால், அலுவலகத்துக்கு நடக்க முடியாத வயதானவர்கள் அப்படி விட்டுவிடுவதில் தவறில்லை. மேலே சொன்னது போன்ற தொகை என்றால் விடக் கூடாது. அது ஒவ்வோர் அரையாண்டும் வந்துகொண்டே இருக்கும்.

கட்டாமல் நிறுத்தி வைத்து மனு போடுவது இன்னொன்று. கோபத்தில் நிறையப் பேர் எடுக்கும் முடிவு இது. ‘கட்டிவிட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும்’ என்று அபார்ட்மென்ட் சங்கக் கூட்டங்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் ஆகாது. கட்டாமல் இருந்தால் ஊக்கத்தொகை போகும், மாத வட்டி ஏறும், சரியான பங்குக்கும் சேர்த்து நீங்கள் பாக்கிதாரர் ஆவீர்கள். இதற்கிடையில் வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ நேர்ந்தால் நிலுவைதான் முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரி விதிப்பின் மீது மேல்முறையீடு செய்தால், கேட்ட தொகையைக் கட்டியிருந்தால்தான் விசாரணைக்கு எடுப்போம் என்பது இங்குள்ள உள்ளாட்சி வரிச் சட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் நிபந்தனை. கட்டாதவர் தன் வாதத்தைச் சொல்லும் வாசலைத் தானே மூடிக்கொள்கிறார்.

கட்டிவிட்டு மனு போடுவதுதான் என் பரிந்துரை. முதல் மாதமே சலுகையோடு கட்டுங்கள். அதே வாரம் மனுவைக் கொடுங்கள். மனுவில் ‘கேட்கப்பட்ட தொகையை ஆட்சேபணையோடு செலுத்தியுள்ளேன், கூடுதலாகச் செலுத்தியதை வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யக் கோருகிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். ஈடு கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2019ஐ நினைவுபடுத்துகிறேன். 2018 உயர்வு நிறுத்திவைக்கப்பட்டபோது, அதுவரை கூடுதலாகக் கட்டியிருந்தவர்களுக்கு அந்தத் தொகையை அடுத்தடுத்த அரையாண்டு வரியில் கழித்துக்கொள்வதாகத்தான் அரசு அறிவித்தது. பணமாகக் கையில் வராது, கணக்கில் கழியும். வீடு உங்களிடமே இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான்.

நான்காவது, நேராக நீதிமன்றம். ஒரு குடியிருப்பு வீட்டுக்காரருக்கு இது எட்டாத செலவு. மண்டல அலுவலகம், ஆணையர், வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்ற படிகளைத் தாண்டாமல் போனால், முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு பெரிய குடியிருப்பு முழுவதையும் தவறான வகையில் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்றால் சங்கமாகச் சேர்ந்து யோசிக்கலாம்.

மனுவை எப்படிக் கொடுப்பது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. ‘வரி அதிகம், குறைத்துத் தரவும்’ என்று எழுதிய மனு எங்கும் நகராது. ‘பத்திரப்படி 1,180 சதுர அடி, பதிவில் 1,230, மறு அளவீடு செய்யவும்’ என்று எழுதினால் அதிகாரிக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. கிரயப் பத்திரத்தின் நகல், அனுமதி பெற்ற வரைபடம், பயன்பாட்டுத் தவறு என்றால் இப்போதைய குடியிருப்பு மின் இணைப்பின் ரசீது, கடைசி வரி ரசீது ஆகியவற்றை இணையுங்கள். மண்டல அலுவலகத்தின் உதவி வருவாய் அலுவலர் பெயருக்குக் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகையை வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளலாம். புதிய மதிப்பீட்டு அறிவிப்போ திருத்த அறிவிப்போ வந்திருந்தால், ஆட்சேபணை தெரிவிக்கும் கெடு அந்த அறிவிப்பிலேயே இருக்கும். அந்த நாள் கழிந்துவிட்டால் நல்ல காரணம் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

மனுவுக்கு முன் நீங்களே டேப் வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். இது ஏன் என்றால், மறு அளவீட்டுக்கு வருபவர்கள் உங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் அளக்கப் போவதில்லை. மொட்டைமாடியில் பிறகு கட்டிய அறை, மூடிய பால்கனி, காருக்கு விட்ட இடத்தில் எழுப்பிய சுவர் எல்லாம் கணக்கில் வரும். அப்படி ஏதாவது இருந்தால், குறையப் போவதையும் கூடப் போவதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கூடுதலாகக் கட்டியதைச் சொல்லாமல் வைத்திருப்பதும் நெடுநாள் ஓடாது. ட்ரோன் படங்களையும் டிஜிட்டல் வரைபடங்களையும் வைத்துக் கட்டடங்களைப் பதிவோடு ஒப்பிடும் வேலையைச் சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பின்னால் அவர்கள் கண்டுபிடித்தால் முந்தைய அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். தானாகச் சொல்லி மதிப்பீட்டைச் சரிசெய்துகொள்வது அதைவிடக் குறைந்த செலவு. வரி கட்டிவிட்டதால் அனுமதியில்லாத பகுதி அனுமதி பெற்றதாகிவிடாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

வாங்கிய வீடு: பழைய பெயரில் கட்டுவதா, பெயர் மாற்றிவிட்டா?

பத்திரம் பதிந்துவிட்டோம், வரி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் வருகிறது. பெயர் மாறியபின் கட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டாம். வரி, வரி விதிப்பு எண்ணுக்குத்தான் கணக்காகிறது. யார் பெயரில் இருந்தாலும் நீங்கள் கட்டினால் அந்த வீட்டுக்குத்தான் வரவாகும். சொத்து வரி நிலுவை அந்தச் சொத்தின் மீதே பொறுப்பாக நிற்கும், விற்றவரோடு போய்விடாது. அதனால்தான் வாங்கும் முன்பே எண்ணை வாங்கி, இணையதளத்தில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விற்பவரைக் கட்டச் சொல்ல வேண்டும். பதிவுக்குப் பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை அதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, நடப்பு அரையாண்டு வரை கட்டிய ரசீது ஆகியவை வேண்டும். அப்பா அம்மா பெயரில் இருந்த வீடு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுகளுக்குள் பாகம் பிரிக்கவில்லை என்பதற்காக வரியை நிறுத்திவிடாதீர்கள். யாராவது ஒருவர் கட்டி ரசீதை மற்றவர்களுக்கும் அனுப்பி வைக்கட்டும், கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே வீடு என்று நினைத்துக் குடும்பங்களில் சண்டை வருவதுண்டு. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. யார் கட்டினாலும் பங்கு மாறாது.

புதுக் குடியிருப்பில் பில்டர் மொத்தக் கட்டடத்துக்கும் வரி போட்டுத் தருவார் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. கட்டடம் முடிந்த தேதியிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள், பிறகு மொத்தமாக வரும். சாவி வாங்கியதும் உங்கள் வீட்டுக்குத் தனி வரி விதிப்பு கேட்டு விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தில் நீங்கள் தரும் பரப்பளவுதான் பிறகு எல்லாக் கணக்குக்கும் அடிப்படையாகும். பில்டர் விளம்பரத்தில் போட்ட எண்ணைத் தூக்கிப் போடாமல் பத்திரத்தையும் வரைபடத்தையும் பார்த்து எழுதுங்கள்.

ஊராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிக்காரர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தாம்பரம், ஆவடி, காரைக்குடி, நாமக்கல் என்று 2019 முதல் உருவான மாநகராட்சிகள் பல. சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு சேர்ப்பதும் நடக்கிறது. ஊராட்சியில் வீட்டு வரி என்று கட்டிய பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய எண் விழும்போது பழைய பாக்கி என்று ஏதாவது காட்டினால், அந்த ரசீதுகளைத் தவிர வேறு சான்று கிடையாது.

வாடகைக்கு விட்ட வீடு

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் சொத்து வரிக்கு வருமான வரியில் எந்தக் கழிவும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு உண்டு. வாடகை வருமானத்திலிருந்து சொத்து வரியைக் கழித்த பிறகுதான் மீதிக்கு 30 சதவீத நிலைக் கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்). புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது கிடைக்கும். நிபந்தனை இரண்டு: உரிமையாளரே கட்டியிருக்க வேண்டும், அந்த நிதியாண்டுக்குள் பணம் உண்மையில் போயிருக்க வேண்டும். எந்த ஆண்டுக்கான வரி என்பது முக்கியமில்லை, எந்த ஆண்டில் கட்டினீர்கள் என்பதுதான் கணக்கு.

இதனால் வாடகைதாரரைக் கட்டச் சொல்வதா, நாமே கட்டுவதா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. வாடகைதாரர் தன் கையிலிருந்து கட்டினால் கழிவு உங்களுக்குப் போகாது. வாடகையைச் சற்றுக் கூட்டி வாங்கி வரியை நீங்களே கட்டினால் கழிவும் உண்டு, ரசீதும் உங்களிடம் இருக்கும். வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருப்பவர்கள் இணையதளத்தில் பதிவான கைப்பேசி எண் யாருடையது என்று பார்த்து, பழைய உரிமையாளர் அல்லது வாடகைதாரரின் எண்ணாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நினைவூட்டல் செய்திகள் அந்த எண்ணுக்குத்தான் போகும். பாக்கி வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் மார்ச் 31க்கு முன் அதைத் தீர்த்தால், அந்த ஆண்டு வாடகை வருமானத்தில் முழு நிலுவையையும் கழித்துக்கொள்ளலாம். அடுத்த நாள் தொடங்கும் அரையாண்டுக்கு 5 சதவீத ஊக்கத்தொகையும் தடையில்லாமல் கிடைக்கும்.